காவல் நின்றோருக்கு உயிரோடிருக்கையில் செய்யும் கண்ணியம்

புகழ் அனைத்தும் அகிலத்தாரின் இரட்சகனான அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

இஷாத் தொழுகையை முடித்து, கதவைத் தாழிட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு நாம் உறங்குகிறோம். பஜ்ருக்கு எழுந்தால் வீடு இருந்தபடியே இருக்கிறது. இது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் அல்லாஹு தஆலா இதனைப் பழகிப்போன ஒன்றாகக் கூறவில்லை. குறைஷிகளுக்குத் தான் செய்த நிஃமத்துகளை எடுத்துரைக்கும் 106-ஆவது அத்தியாயத்தில், பசிக்கு உணவளித்ததையும் அச்சத்திலிருந்து அபயமளித்ததையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லிக் காட்டுகிறான். சோற்றுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்ட நாம், அச்சமற்ற உறக்கத்திற்கும் நன்றி செலுத்தக் கடமைப்பட்டவர்களாவோம்.

நிஃமத்தைத் தருபவன் அல்லாஹ். அது நம்மிடம் வந்து சேர அவன் சில மனிதர்களைக் காரணமாக்கி வைத்திருக்கிறான். மனிதர்களுக்கு நன்றி பாராட்டாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. அந்த நன்றியை எப்போது செலுத்துவது என்பதே இந்த மாதப் பாடமாகும்.

ஒரு ஜனாஸாவுக்குப் பின்

எங்கள் மஹல்லாவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வாழ்ந்து வந்தார். பனி மலைகளிலும் பாலைவனத்திலும் பல்லாண்டுகள் காவல் நின்றவர். தினமும் பஜ்ருக்கு முதல் ஸஃப்பில் இருப்பார். நாம் ஸலாம் சொல்வோம். அவர் பதில் சொல்வார். அவ்வளவுதான் பழக்கம்.

அவர் வபாத்தான அன்று பள்ளிவாசல் கொள்ளாத கூட்டம். கபுருஸ்தானில் இருவர் அவருடைய தியாகத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர்களில் நாமும் ஒருவர். மறுநாள் ஆறுதல் சொல்லப் போனபோது, திரைக்கு அப்பால் இருந்து அவருடைய மனைவி சொன்னார்கள்: "அஜ்ரத், இந்த ஃபைலைப் பார்த்துத் தர ஒரு ஆளைக் கேட்டு மூணு வருஷமா நடந்தாங்க. உங்ககிட்டேயும் சொன்னதாச் சொன்னாங்க."

சொல்லியிருந்தார். பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவருடைய மனைவியின் பெயர் 'பீவி' என்று முடிந்திருந்தது. குடும்ப அட்டையிலும் மற்ற அட்டைகளிலும் 'பேகம்' என்று இருந்தது. தமக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருவதில் தடை ஏற்படக் கூடாதே என்று, தாம் உயிரோடிருக்கையிலே பெயரைத் திருத்தி விட அவர் விரும்பினார். படிவம் நிரப்பவும், உடன் வரவும் படித்த ஒருவர் தேவை. "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" என்றோம். பார்க்கவில்லை.

அவர் இருந்திருந்தால் அவருடைய ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்கக் கூடிய வேலை அது. அவர் போன பிறகு, அந்த அம்மையார் இத்தாவில் நான்கு மாதமும் பத்து நாளும் இருந்து முடித்து, பிறகு பிரமாணப் பத்திரம், சாட்சிகள், கடிதப் போக்குவரத்து என்று அலைந்து முடிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கபுருஸ்தானில் நாம் ஆற்றிய உரை அந்தக் குடும்பத்துக்கு எந்தப் பயனையும் அளிக்கவில்லை. நாம் கொடுக்க மறுத்த அரை நாள் அவர்களுக்கு ஓராண்டுச் சுமையாயிற்று.

இதனை நம்மைப் பற்றிய குறையாகவே இங்கே எழுதுகிறோம். மய்யித்துக்குச் செய்யும் கடமையை முஸ்லிம்கள் நன்கு அறிவோம். குளிப்பாட்டுவதும், கபனிடுவதும், தொழுகை நடத்துவதும், அடக்குவதும் பர்ளு கிபாயா. அதில் நாம் குறை வைப்பதில்லை. உயிரோடு இருப்பவரின் ஹக்கில்தான் தவறி விடுகிறோம். ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் காவல் நின்றவர்களையும் களம் கண்டவர்களையும் எவ்வாறு நடத்தினார்கள் என்று பார்த்தால், இவ்விரண்டும் வேறு வேறு கடமைகள் என்பதும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதும் விளங்கும்.

முஅத்தாவிலிருந்து திரும்பியவர்கள்

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு ஜமாதுல் அவ்வல் மாதம் (கி.பி. 629) இன்றைய ஜோர்தான் நாட்டிலுள்ள முஅத்தா என்னுமிடத்தில் போர் நடந்தது. மதீனாவிலிருந்து சென்றவர்கள் 3,000 பேர். எதிரே நின்ற ரோமானியப் படையும் அதன் துணைப் படையும் அதைவிடப் பன்மடங்கு பெரியவை. ஜைது இப்னு ஹாரிதா (ரலி), ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி), அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) ஆகிய மூன்று தளபதிகளும் ஒருவர் பின் ஒருவராக ஷஹீதானார்கள். பின்னர் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் கொடியை ஏந்தி, எஞ்சிய படையை அழிவிலிருந்து காப்பாற்றி மதீனாவுக்குத் திருப்பிக் கொண்டு வந்தார்கள்.

ஷஹீதானவர்களுக்காகப் பெருமானார் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. ஜஃபர் (ரலி) அவர்களின் வீட்டார் துயரத்தில் இருப்பதால் அவர்களுக்கு உணவு சமைத்து அனுப்புமாறு கட்டளையிட்டார்கள். மரணம் நேர்ந்த வீட்டுக்கு நாம் இன்றும் சோறு அனுப்பும் நல்வழக்கம் இந்த நிகழ்ச்சியிலிருந்து வந்ததே. முஅத்தாவின் இந்தப் பாதி நமக்கு நன்றாகத் தெரியும்.

மறு பாதி உயிரோடு திரும்பி வந்தவர்களுடையது. இப்னு இஸ்ஹாக்கின் வழியாக இப்னு ஹிஷாம் தமது ஸீறா நூலில் இதனைப் பதிவு செய்திருக்கிறார். படை மதீனாவை நெருங்கியதும் மக்களில் சிலர் மண்ணை வாரி அவர்கள் மீது எறிந்து, அல்லாஹ்வின் பாதையிலிருந்து ஓடி வந்தவர்களே என்று ஏசினார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, இவர்கள் ஓடி வந்தவர்கள் அல்லர், அல்லாஹ் நாடினால் மீண்டும் திரும்பிச் சென்று போரிடக் கூடியவர்கள் என்று கூறித் தடுத்தார்கள். 'ஃபுர்ரார்' என்று ஏசப்பட்டவர்களுக்கு 'குர்ரார்' என்று பெயரிட்டார்கள். ஓரெழுத்தைத்தான் மாற்றினார்கள், அந்த மனிதர்களின் நிலையே மாறிற்று.

ஆயினும் ஊர் வாய் உடனே அடங்கவில்லை. ஸலமா இப்னு ஹிஷாம் (ரலி) என்னும் ஸஹாபி இருந்தார்கள். இவர்கள் யாரென்றால், அபூஜஹ்லின் உடன்பிறந்தவர். ஈமான் கொண்ட காரணத்தால் மக்காவில் சிறைப்பட்டுக் கிடந்தவர். இவர்களை விடுவிக்குமாறு அண்ணல் (ஸல்) அவர்கள் தொழுகையில் பெயர் சொல்லி துஆச் செய்ததை புகாரி ஷரீஃபில் காணலாம். அத்தகையவர் முஅத்தாவிலிருந்து திரும்பிய பின் பள்ளிவாசலுக்கு வரக் காணோம். உம்முல் முஃமினீன் உம்மு ஸலமா (ரலி) அவர்கள் இவர்களுடைய மனைவியிடம் காரணம் விசாரித்தார்கள். வெளியே வந்தாலே மக்கள் ஓடி வந்தவரே என்று கூவுகிறார்கள், ஆகையால் அவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து விட்டார் என்று அந்த அம்மையார் பதிலளித்தார்கள்.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். வீரத்தில் குறையில்லாத, ஈமானில் சோதிக்கப்பட்ட ஒரு ஸஹாபி, திரும்பி வந்த தம் ஊரின் வார்த்தைக்கு அஞ்சி வீட்டோடு ஒடுங்கி விட்டார்கள். களத்தில் பட்ட காயத்தை விட ஊரில் பட்ட காயம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அதைக் கண்டறிந்தது யார்? பள்ளிவாசலில் ஒருவரைக் காணவில்லையே என்று கவனித்துக் கேட்ட ஒரு பெண்மணி. ஸலமா (ரலி) அவர்கள் பிற்காலத்தில் ஷாம் நாட்டுப் போரில் ஷஹீதானார்கள். திரும்பிச் சென்று போரிடுபவர் என்று ரஸூலுல்லாஹ் வைத்த பெயர் அவர்கள் விஷயத்தில் அப்படியே மெய்யாயிற்று.

படையைக் காப்பாற்றிய காலித் (ரலி) அவர்களைப் பாருங்கள். இஸ்லாத்தைத் தழுவிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதற்கு முன் உஹதில் முஸ்லிம்களுக்கு எதிராக நின்றவர்கள். இத்தகையவரை, அல்லாஹ்வின் வாள்களில் ஒரு வாள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் மக்கள் முன்னிலையில் அறிவித்தார்கள். 'ஸைஃபுல்லாஹ்' என்னும் அந்தப் பட்டத்தைக் காலித் (ரலி) அவர்கள் தம் காதாலேயே கேட்டு, ஹிஜ்ரி 21-இல் ஹிம்ஸ் நகரில் படுக்கையில் வபாத்தாகும் வரை சுமந்து வாழ்ந்தார்கள். ஷஹீதானால்தான் சிறப்பு என்று எண்ணியிருந்தால், உயிரோடு திரும்பிய இவர்களுக்கு எந்தப் பட்டமும் கிடைத்திருக்காது.

நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழிகள்

முஅத்தா மட்டுமல்ல. ஹதீது கிதாபுகளைப் புரட்டினால், உயிரோடிருந்த வீரர்களுக்கு அண்ணலார் செய்த கண்ணியம் பலவிதமாக இருப்பதைக் காணலாம்.

முதலாவது, காத்திருத்தல். ஹுனைன் போருக்கு முந்திய இரவு, அனஸ் இப்னு அபீமர்தத் (ரலி) என்னும் ஸஹாபி மலைக் கணவாயில் தனியே குதிரை மீது அமர்ந்து காவல் இருந்தார்கள். விடிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்களிடம், உங்கள் குதிரை வீரரைப் பற்றி ஏதும் தெரிந்ததா என்று கேட்டார்கள். பின்னர் தொழுகையில் நின்றபோதும் அவர்களின் பார்வை அந்தக் கணவாயின் பக்கம் சென்றதாக அபூதாவூதின் அறிவிப்பில் உள்ளது. தொழுகை முடிந்ததும், நற்செய்தி பெறுங்கள், உங்கள் குதிரை வீரர் வந்து விட்டார் என்று சபையோருக்கு அறிவித்தார்கள். வந்தவரிடம், இரவில் குதிரையை விட்டு இறங்கினீரா என்று விசாரித்தார்கள். தொழுகைக்காகவும் இயற்கைத் தேவைக்காகவும் தவிர இறங்கவில்லை என்றார். அந்த ஓர் இரவுக் காவலாலேயே அவர் சுவர்க்கத்துக்கு உரியவராகி விட்டார் என்னும் கருத்துப்பட சுபச்செய்தி கூறினார்கள். ஒரு காவலாளிக்காக ஒரு நபி காத்திருந்தார்கள்! வருகிறாரா என்று பார்த்தார்கள், வந்ததும் மகிழ்ந்தார்கள், என்ன செய்தார் என்று கேட்டறிந்தார்கள்.

இரண்டாவது, தக்க வார்த்தை. தூகரத் சம்பவத்தில் ஒட்டகங்களைக் கொள்ளையிட்டுச் சென்றவர்களை ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் தன்னந்தனியே கால்நடையாக ஓடித் துரத்தி மீட்டார்கள். இன்றைய குதிரை வீரர்களில் சிறந்தவர் அபூகதாதா, காலாட்களில் சிறந்தவர் ஸலமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். வார்த்தையோடு விட்டு விடவில்லை. குதிரை வீரருக்குரிய பங்கு, காலாளுக்குரிய பங்கு இரண்டையும் ஸலமாவுக்கு அளித்து, மதீனா திரும்புகையில் தமது அள்பா ஒட்டகத்தில் தமக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். முஸ்லிம் ஷரீஃபில் இது விரிவாக வருகிறது. யார் செய்தாரோ அவர் பெயரைச் சொல்லி, எதைச் செய்தாரோ அதைச் சொல்லிப் பாராட்டியதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, காயத்தை மதித்தல். உஹதில் பெருமானார் (ஸல்) அவர்களைக் காக்கக் கையைக் கேடயமாக்கிய தல்ஹா (ரலி) அவர்களின் கை செயலிழந்து போயிற்று. அந்தக் கையைத் தாம் பார்த்ததாக கைஸ் என்பார் கூறுவது புகாரியில் உள்ளது. பூமியின் மீது நடமாடும் ஒரு ஷஹீதைப் பார்க்க விரும்புபவர் தல்ஹாவைப் பார்க்கட்டும் என்னும் கருத்துடைய நபிமொழியைத் திர்மிதி பதிவு செய்திருக்கிறார்கள். நடமாடும் ஷஹீது! ஷஹீதுக்குரிய மரியாதையை, அவர் கடைத்தெருவில் நடந்து செல்லும்போதே செலுத்துங்கள் என்பதல்லவா இதன் பொருள்?

நான்காவது, குடும்பத்தைப் பேணுதல். அல்லாஹ்வின் பாதையில் போர்வீரர் ஒருவருக்குத் தளவாடம் அளித்தவரும் போரிட்டவரே, அவர் இல்லாதபோது அவர் குடும்பத்தை நல்லவிதமாகப் பார்த்துக்கொண்டவரும் போரிட்டவரே என்னும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. எல்லையில் இருப்பவருடைய வீட்டின் ரேஷன் சாமானும், தாயாரின் மருந்தும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் இந்த ஹதீதுக்குள் அடங்கும்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில்

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் இந்த வழியையே ஆட்சி முறையாக்கினார்கள். படைவீரர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றி, 'தீவான்' என்னும் துறையை ஏற்படுத்தி, ஆண்டுதோறும் மானியம் வழங்கினார்கள். பத்ரில் கலந்துகொண்டவர்களுக்குத் தலைக்கு ஐயாயிரம் திர்ஹம் அளிக்கப்பட்டது. பின்னால் வந்தவர்களை விட அவர்களை நிச்சயம் முன்னிலைப்படுத்துவேன் என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதாகவும் புகாரி அறிவிக்கிறது. பத்ரு நடந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த முந்திய உழைப்பு மறக்கப்படவில்லை.

ஒருமுறை மதீனாவின் மாதர்களுக்கு ஆடைகள் பங்கிடப்பட்டன. ஒரு நல்ல ஆடை எஞ்சியிருந்தது. அருகிலிருந்தவர்கள், இதனைத் தங்கள் மனைவியும் நபிகளாரின் பேத்தியுமான உம்மு குல்தூம் அவர்களுக்குக் கொடுங்கள் என்றார்கள். உமர் (ரலி) அவர்களோ, உம்மு ஸலீத்தே இதற்கு அதிக உரிமையுடையவர், உஹது நாளில் அவர் எங்களுக்காகத் தோல் பைகளில் தண்ணீர் சுமந்தார் என்று கூறி அன்ஸாரிப் பெண்ணான அவருக்கே அளித்தார்கள். வாளெடுத்தவர் மட்டுமல்லர், தண்ணீர் சுமந்தவரும் நினைவுகூரப்பட்டார். அன்றைய உம்மு ஸலீத்துக்கு நிகராக இன்று ராணுவ மருத்துவமனைகளில் பணியாற்றும் தாதிமார்கள் இருக்கிறார்கள்.

கணவர் படையில் இருக்க, தனிமையில் வருந்திய ஒரு பெண்ணின் குரலை இரவில் கேட்ட உமர் (ரலி) அவர்கள், தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, எந்த வீரரையும் சில மாதங்களுக்கு மேல் குடும்பத்தை விட்டுப் பிரித்து வைக்கலாகாது என்று தளபதிகளுக்கு உத்தரவிட்டதும் பிரபலமான வரலாறு. நான்கு மாதங்கள் என்றும் ஆறு மாதங்கள் என்றும் ரிவாயத்துகள் உள்ளன. வீரருக்குச் செய்யும் கண்ணியத்தில் அவர் மனைவியின் தனிமையும் கணக்கில் கொள்ளப்பட்டது.

முஸ்லிமல்லாத காவலர்கள்

இங்கே சிலருக்கு ஒரு கேள்வி எழலாம். இவையெல்லாம் ஸஹாபாக்கள் அல்லாஹ்வின் பாதையில் செய்த ஜிஹாதைப் பற்றியவை. இன்றைய நாட்டின் ராணுவத்தில் சம்பளத்துக்குப் பணியாற்றும் ஜவான்களுக்கு, அதிலும் பெரும்பாலோர் முஸ்லிமல்லாதவராக இருக்க, இவை பொருந்துமா?

இன்றைய ராணுவச் சேவைக்கு எந்தப் பெயரிடுவது என்னும் மஸ்அலாவுக்குள் நாம் இங்கே செல்லவில்லை. அவரவர் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். நாம் பேசுவது காவல் பெற்றவர்களின் நன்றியைப் பற்றி. அதற்கும் நாயகத்தின் வாழ்வில் தெளிவான வழிகாட்டுதல் உண்டு.

தாயிஃபிலிருந்து கல்லடி பட்டுத் திரும்பிய பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவுக்குள் நுழைய ஒருவருடைய பாதுகாப்பு தேவைப்பட்டது. முத்இம் இப்னு அதீ என்பவர் ஆயுதம் தரித்த தம் மக்களோடு வந்து அடைக்கலம் அளித்தார். அவர் ஈமான் கொள்ளவில்லை. ஈமான் கொள்ளாமலேயே இறந்தும் போனார். பத்ருப் போரில் எழுபது பேர் கைதிகளாகப் பிடிபட்டபோது, முத்இம் இன்று உயிரோடிருந்து இவர்களுக்காக என்னிடம் பேசியிருந்தால் இவர்களை அவருக்காக விட்டிருப்பேன் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். இதுவும் புகாரியில் உள்ளது.

இந்த ஒரு வார்த்தையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. காவல் தந்தவர் எந்த மார்க்கத்தவராயினும் அந்த நன்றி மறக்கப்படலாகாது என்பது ஒன்று. அவர் உயிரோடிருந்திருந்தால் என்பது மற்றொன்று. இவ்வளவு பெரிய நன்றியைச் செலுத்த அண்ணலார் ஆயத்தமாக இருந்தும், பெற்றுக்கொள்ள வேண்டியவர் உலகில் இல்லை. நம் ஊரில், நம் தெருவில், பெற்றுக்கொள்ள வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நம் நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்கரம் இதுவரை 21 பேருக்கு அளிக்கப்பட்டுள்ளது. அவர்களில் 14 பேர் அதைத் தம் கையால் பெறவில்லை. அவர்கள் இறந்த பிறகே அளிக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் அப்துல் ஹமீது அவர்களில் ஒருவர். 1965 செப்டம்பரில் கேம்கரன் பகுதியில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பகை டாங்கிகளைத் தகர்த்து உயிர் நீத்தார். 1966 குடியரசு நாளில் அவருடைய மனைவியே விருதைப் பெற்றுக்கொண்டார். அவருடைய பெயரை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் மரித்தவரின் பெயரைச் சொல்வதற்கு நமக்குச் செலவு எதுவுமில்லை. அவர் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. உயிரோடு திரும்பியவருக்கு வேலை வேண்டும், மருத்துவம் வேண்டும், மகளுக்கு மணம் முடிக்க வேண்டும், சில நாட்களில் பேச்சுத் துணையும் வேண்டும். ஆகையால்தான் அவரை மறப்பது எளிதாகி விடுகிறது.

கண்ணியத்துக்கும் ஒரு வரம்பு உண்டு

கண்ணியம் என்ற பெயரில் ஷரீஅத்தின் வரம்பை மீறுதல் ஆகாது. ஒருவரை அவர் முன்னிலையில் அளவுக்கு மீறிப் புகழ்ந்தவரைப் பார்த்து, உம் தோழரின் கழுத்தை அறுத்து விட்டீரே என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். வீரன் என்று பேசப்படுவதற்காகவே போரிட்டவரின் மறுமை நிலையைப் பற்றிய கடுமையான எச்சரிக்கையும் முஸ்லிம் ஷரீஃபில் வந்துள்ளது. எனவே மேடை போட்டு, மாலை சூட்டி, இல்லாததையும் சேர்த்துப் பேசுவது அவருக்கு நாம் செய்யும் நன்மையல்ல. அவருடைய நிய்யத்துக்கு நாம் வைக்கும் சோதனை.

ஒரு வீரர் செய்தது யாவும் சரி என்று சொல்வதும் கண்ணியமல்ல. காலித் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா கோத்திரத்தார் விஷயத்தில் தவறியபோது, அவர் செய்ததிலிருந்து தாம் விலகியிருப்பதாக அல்லாஹ்விடம் முறையிட்டவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். 'ஸைஃபுல்லாஹ்' என்னும் பட்டத்தையும் பறிக்கவில்லை. தவறைத் தவறில்லை என்றும் சொல்லவில்லை.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

1. உங்கள் மஹல்லாவில் ராணுவத்தில் இருப்பவர்கள் யார், ஓய்வு பெற்றவர்கள் யார் என்று கணக்கெடுங்கள். எங்கள் மஹல்லாவில் எடுத்துப் பார்த்தபோது, நாம் அறியாமலிருந்த இருவர் தெரிய வந்தார்கள்.

2. ஓய்வு பெற்றவர் வீட்டில் பட்டாளத்து ஆவணங்களில் உள்ள மனைவி மக்களின் பெயரும் பிறந்த தேதியும் மற்ற அட்டைகளோடு ஒத்திருக்கின்றனவா என்று அவர் இருக்கும்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். 'பீவி', 'பேகம்', 'பாத்திமா', 'ஃபாத்திமா' என்று நம் பெண்களின் பெயர்கள் பலவிதமாக எழுதப்படுவதால் இது நமக்கு மிகவும் அவசியம். திருத்தம் வேண்டுமானால் மாவட்டத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம். ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றுக்கும், கணினி வழியாகச் செய்ய வேண்டியவற்றுக்கும் படித்த பிள்ளைகள் உடன் செல்லட்டும். இது ஸதகா.

3. பணியில் இருப்பவரின் வீட்டாரை மாதம் ஒருமுறையாவது உங்கள் வீட்டுப் பெண்கள் சென்று பார்த்து வரட்டும். பெருநாளில் முதல் பாத்திரம் அவ்வீட்டுக்குப் போகட்டும். விடுப்பில் வந்தவரை வீட்டுக்கு அழையுங்கள்.

4. ஜமாஅத்தில் காணவில்லை என்றால் விசாரியுங்கள். களத்தில் கண்டவை சிலரை உறங்க விடுவதில்லை. சிலர் பேச்சற்றுப் போவார்கள், சிலர் சினம் கொள்வார்கள். இதனை ஈமானின் குறை என்றோ கோழைத்தனம் என்றோ சொல்லி விடாதீர்கள். ஸலமா இப்னு ஹிஷாம் (ரலி) அவர்களை நினைவில் கொள்ளுங்கள். தேவையானால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், கூடவே இருங்கள்.

5. எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவ்வாறு கேட்கலாகாது என்று சொல்லிக் கொடுங்கள். எங்கே காவல் இருந்தீர்கள், குளிரில் எப்படித் தொழுதீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அனஸ் இப்னு அபீமர்ததிடம் கேட்டதும் அவருடைய இரவைப் பற்றித்தான்.

6. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடி நாளாக அனுசரிக்கப்பட்டு, படைவீரர் குடும்பங்களின் நலனுக்காக நிதி திரட்டப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை கேட்டு வரும் அந்தச் சிறு தொகையை முகம் சுளிக்காமல் கொடுங்கள். எதற்காக என்றும் சொல்லிக் கொடுங்கள்.

7. எல்லாவற்றுக்கும் மேலாக, துஆ. ஒருவர் மற்றவருக்காக அவர் அறியாமல் மறைவில் செய்யும் துஆவை மலக்கு ஆமீன் கூறி எதிரொலிக்கிறார் என்பது நபிமொழி. உறங்கப் போகுமுன் ஓதும் ஆயத்துல் குர்ஸியோடு, இந்த இரவில் விழித்திருப்பவர்களுக்காகவும் இரண்டு வார்த்தை கேளுங்கள்.

நன்மைக்கு நன்மையைத் தவிர வேறு கூலி உண்டா என்று அல்லாஹு தஆலா ஸூரா ரஹ்மானில் (55:60) வினவுகிறான். அந்தக் கூலியைக் கபுரின் மீது மண் தள்ளும் வரை தள்ளிப்போடாதீர்கள். நாம் தள்ளிப்போட்டோம். அந்த ஹவில்தாரின் மனைவிக்கு இப்போது மாதந்தோறும் ஓய்வூதியம் வந்து சேருகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தச் செய்தியைச் சொன்னால் யாருடைய முகம் மலர்ந்திருக்குமோ, அவர் பஜ்ரின் முதல் ஸஃப்பில் இல்லை.

யா அல்லாஹ்! எங்களை அச்சத்திலிருந்து காத்தருளியது போல், எங்களுக்காகக் காவல் நிற்போரையும் காத்தருள்வாயாக! அவர்களை அவர்களின் தாய் தந்தையரிடமும் மனைவி மக்களிடமும் நலமாகத் திருப்பி அனுப்புவாயாக! போரின்றி வாழும் அமைதியை எல்லா நாட்டாருக்கும் தந்தருள்வாயாக! உயிரோடிருப்போரின் ஹக்கை அவர்கள் உயிரோடிருக்கையிலே நிறைவேற்றும் நற்பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் அளித்தருள்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.